புள்ளி தவறினால் பெயர் தவறும்

பெயரிடுதல் சிறு காரியம் போலத் தோன்றினும், உண்மையில் அது பொறுப்பு மிக்கதொரு செயலாகும். யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதி ஒன்றை எடுத்து வாசித்துப் பார்ப்போர் இதனை எளிதில் உணர்வர். நான்கெல்லைகள் சொல்லப்படுமுன்னரே அக்காணியின் பெயர் அங்கே சொல்லப்பட்டிருக்கும். ஆலமரம் பட்டு வீழ்ந்து போயினும் ஆலடி ஆலடியாகவே நிற்கும். உரிமையாளர் தலைமுறை தலைமுறையாக மாறினும் பெயர் மாறுவதில்லை. அப்பெயரைச் சொல்லி வினவினால் ஊரார் வழி காட்டுவர். சொல்லுதற்கு எளிது, நினைவிற் கொள்ளுதற்கு எளிது, காலத்தால் மாறாதது என்னும் மூன்றும் நல்ல பெயருக்குரிய இலக்கணம் எனலாம்.

இந்நாளில் நம் பிள்ளைகள் எழுதும் கட்டுரைகளும், கோயில் வரலாறுகளும், சமையற் குறிப்புகளும், ஊர்ச் செய்திகளும் இணையத்திலே பக்கங்களாக ஏற்றப்படுகின்றன. காணிக்குப் பெயர் வேண்டுவது போல ஒவ்வொரு பக்கத்துக்கும் விலாசம் ஒன்று வேண்டும். அவ்விலாசம் பெரும்பாலும் பக்கத்தின் தலைப்பிலிருந்தே ஆக்கப்படுகின்றது. ஆக்குவது மனிதர் அன்று, கணினி நிரல். அந்நிரல் தமிழின் இயல்பை அறியாததாயின் என்ன நேரும்? அதனைத் தவிர்ப்பது எங்ஙனம்? இவற்றையே ஈண்டு ஆராய எண்ணினோம்.

விலாசத்தின் உறுப்புகள்

உலகளாவிய வலை என்னும் அமைப்பை ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ண் ஆய்வுகூடத்தில் 1989ஆம் ஆண்டு முன்மொழிந்தவர் ரிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர். வலையிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் தனி விலாசம் இருத்தல் வேண்டும் என்பது அவர்தம் அமைப்பின் அடிப்படைகளுள் ஒன்று. யூ.ஆர்.எல். எனப்படும் அவ்விலாசத்தை எழுதும் விதிகள் 1994ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியாயின. 2005ஆம் ஆண்டு சனவரியில் அவை திருத்தமாக மீண்டும் வகுக்கப்பட்டன.

அவ்விலாசத்தில் இரண்டு உறுப்புகளை நாம் கவனித்தல் போதும். முதலாவது தளத்தின் பெயர். அதனை ஊர்ப்பெயர் எனக் கொள்ளலாம். இரண்டாவது, சாய்கோட்டுக்குப் பின்னே வரும் பக்கத்தின் பெயர். அதனை வீட்டின் பெயர் எனக் கொள்ளலாம். ஊர்ப்பெயரை ஒருமுறை பதிவு செய்தால் அவ்வளவில் அவ்வேலை முடிந்தது. வீட்டின் பெயரையோ புதிய பக்கம் எழுதுந்தோறும் நாமே இட வேண்டும். ஆதலின் நம் கவனம் முழுவதும் இரண்டாவதன் மேலேயே இருத்தல் வேண்டும்.

இவ்விரண்டாவது உறுப்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் "ஸ்லக்" என்பது. பத்திரிகை வாசகர்களுக்கு இச்சொல்லின் வரலாறு சுவை தருவதாகும். 1886ஆம் ஆண்டு நியூயோர்க் ரிபியூன் பத்திரிகையில் லைனோரைப் என்னும் அச்சுக்கோக்கும் இயந்திரம் முதன்முதல் இயங்கியது. அது எழுத்துகளைத் தனித்தனியே கோவாமல், ஒரு முழு வரியையே ஈயக் கட்டியாக வார்த்தது. அக்கட்டிக்கு ஸ்லக் என்று பெயர். பத்திரிகைக் கந்தோர்களில், ஒரு செய்தியை இன்னதென்று அடையாளங் காண்பதற்கு இடப்படும் குறும்பெயரையும் அவ்வாறே அழைத்தனர். அமெரிக்காவின் கன்சஸ் மாநிலத்துப் பத்திரிகைக் கந்தோர் ஒன்றில் 2003ஆம் ஆண்டு உருவாகத் தொடங்கி, 2005ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட டிஜாங்கோ என்னும் நிரற்சட்டகம், இச்சொல்லை விலாசத்தின் பெயராகவே எடுத்தாண்டது. எனவே விலாசப் பெயரிடுவோர், தாம் அறியாமலே, பழைய அச்சுக்கூடத்தின் தொழில் ஒன்றைச் செய்து வருகின்றனர். செய்தி ஆசிரியர் நீண்ட தலைப்பை இரண்டு மூன்று சொல்லாகச் சுருக்கியது போலவே அவர்களும் சுருக்க வேண்டும்.

தமிழ் எழுத்து படும் பாடு

மேற்கூறிய விதிகளின்படி விலாசத்தில் தங்குதடையின்றி எழுதத்தக்க குறிகள் 66 மட்டுமே. ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் சிறிய எழுத்துகளும் 52; இலக்கங்கள் 10; சிறுகோடு, புள்ளி, அடிக்கோடு, அலைக்கோடு ஆகியவை 4. பிற மொழி எழுத்துகள் விலக்கப்படவில்லை. ஆயினும் அவை வேடம் மாறியே உள்ளே செல்ல வேண்டும்.

அவ்வேடம் எத்தகையது? யுனிகோட் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைற்று இடங்கொள்ளும். ஒவ்வொரு பைற்றும் % என்னும் நூற்றுவீதக் குறியோடு வேறு இரண்டு குறிகளாக எழுதப்படும். ஆகவே ஒரு தமிழ்க் குறி ஒன்பது குறிகளாக விரிகின்றது. "கா" என்பது நம் கண்ணுக்கு ஓரெழுத்து. கணினிக்கோ ககரம் ஒன்று, கால் ஒன்று என இரண்டு. விலாசத்தில் அது 18 குறிகளாகும். "யாழ்ப்பாணம்" என்னும் சொல்லைப் பிரித்தெண்ணினால் 11 குறிகள் உள. விலாசத்தில் அவை 99 ஆகின்றன.

உலாவியின் விலாசப் பட்டையில் இக்காலத்தில் தமிழ் தமிழாகவே தோன்றுகின்றது. ஆனால் அங்கிருந்து விலாசத்தைப் பிரதி செய்து மற்றொருவருக்கு அனுப்பும்போது வேடம் வெளிப்பட்டு விடுகின்றது. நூற்றுவீதக் குறிகள் நிறைந்த நெடுந்தொடரைக் கனடாவிலிருக்கும் பாட்டியார் தம் கைப்பேசியிற் கண்டால், இது யாரோ வஞ்சகர் அனுப்பியது என்றஞ்சித் தொடாமலே விட்டுவிடுவார். பேரன் எழுதிய கட்டுரை வாசிக்கப்படாமலே கிடக்கும்.

நீளத்தினால் வரும் இடர் இன்னும் ஒன்றுண்டு. 2003ஆம் ஆண்டு தோன்றிப் பெருவழக்கிலிருக்கும் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருள், விலாசப் பெயருக்கு 200 குறிகளுக்கே இடமளிக்கின்றது. ஆங்கிலத் தலைப்புக்கு அது தாராளம். தமிழுக்கோ ஏறத்தாழ 22 குறிகளுடன் இடம் தீர்ந்துவிடும். "பனங்கட்டி செய்யும் முறை: கருப்பநீர் இறக்குவது முதல் குட்டான் கட்டுவது வரை" என்று ஒருவர் தலைப்பிட்டார் என்க. மென்பொருள் தானாக ஆக்கும் விலாசம் "பனங்கட்டி-செய்யும்-முறை" என்று முடியும். கருப்பநீரின் ககரத்துக்குங்கூட இடமின்றி, ஏனையவை யாவும் வாசலிலே நின்றுவிடுகின்றன. தலைப்பை இட்டவரே "பனங்கட்டி-செய்முறை" என்று சுருக்கி எழுதியிருப்பாராயின் 154 குறிகளில் காரியம் முடிந்திருக்கும். பெயரும் நிறைவாக இருந்திருக்கும்.

காடும் கூடும்

நீளத்தைக் காட்டிலும் கொடிய இடர் பிறிதொன்று. எம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர் பறவைகளின் வாழ்க்கையைப் பற்றிக் "காடும் கூடும்" என்னும் தலைப்பில் அழகியதொரு கட்டுரை எழுதினார். மாணவர் மன்றத்தினர் அதனை இணையத்தில் ஏற்றினர். விலாசத்தைப் பார்த்தபோது அது "கடம-கடம" என்றிருந்தது! வகுப்பு முழுவதும் சிரித்தது. கட்டுரையாளர் மாத்திரம் சிரிக்கவில்லை.

இது நேர்ந்த காரணம் யாது? தலைப்பிலுள்ள கேள்விக்குறி, மேற்கோட்குறி முதலியவற்றை நீக்குவதற்காக, "எழுத்தும் இலக்கமும் அல்லாத யாவற்றையும் நீக்குக" என நிரலர் கட்டளையிடுகின்றனர். ஆங்கிலத்துக்கு அக்கட்டளை பொருந்தும். ஆனால் யுனிகோட் பட்டியலில் நம் உயிர்க்குறிகளும் மெய்ப்புள்ளியும் "எழுத்து" என்னும் வகுப்பில் இல்லை. "சார்குறி" என்னும் வேறு வகுப்பில் உள்ளன. பைதன் முதலிய நிரல்மொழிகளில் வழக்கமாகக் கையாளப்படும் சொல்லெழுத்துக் குறியீடும் அவற்றை ஏற்பதில்லை. ஆதலின் கால், கொம்பு, விசிறி, புள்ளி யாவும் குப்பையெனக் கருதப்பட்டுக் களையப்படுகின்றன.

இதன் விளைவை மாணவர்கள் ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். கடை, குடை, கொடை, கோடை, காடு, கூடு, கேடு, கோடு என்னும் எட்டுச் சொற்களையும் இந்நிரலினூடே செலுத்தினால் எட்டும் "கட" என்றே வெளிவரும். கொடைக்கும் கேட்டுக்கும் வேறுபாடு இல்லாத உலகம் அது. இன்னுஞ் சில நிரல்கள் ஆங்கில எழுத்தல்லாத அனைத்தையும் அடியோடு நீக்குவன. அவற்றில் தமிழ்த் தலைப்பு வெறும் வெற்றிடமாகும். கூகுள் நிறுவனத்தின் புளொக்கர் சேவையில் தமிழ்த் தலைப்புடன் வெளியான எண்ணற்ற ஆக்கங்கள், "புளொக்-போஸ்ட்" என்னும் பொதுப்பெயரையும் அதனோடு ஓர் இலக்கத்தையுமே விலாசமாகப் பெற்றன.

தமிழர்க்கு இவ்விடர் புதியதன்று. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடாது விட்டனர். எகர ஏகாரங்களும், ஒகர ஓகாரங்களும் ஏடுகளில் வேறுபாடின்றிக் கிடந்தன. 1887ஆம் ஆண்டு சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்தபோது, இவ்வேடுகளோடு போராடியே உண்மைப் பாடத்தைக் கண்டனர். அவர்களுக்கு யாப்பு துணை செய்தது. உரை துணை செய்தது. முன்பின் வரும் பொருள் துணை செய்தது. "கட" என்று தனித்து நிற்கும் விலாசத்தைக் கண்டு, அது குடையா கோடையா எனக் கூறுதற்கு எவ்வுரை துணை செய்யும்? பெரியோர் அரும்பாடுபட்டு மீட்ட புள்ளியை ஒரு வரி நிரலுக்கு நாம் பலியிடலாமோ?

கண்ணுக்குப் புலப்படாத பிழையும் ஒன்றுண்டு. "கோ" என்பதிலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் கணினியில் சேமிக்கலாம். இரட்டைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகவும் சேமிக்கலாம். பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றே. இயந்திரத்துக்கோ இவை வெவ்வேறு விலாசங்கள். ஒருவர் தட்டச்சிட்ட விலாசம் மற்றொருவர் வைத்த பக்கத்தைச் சென்றடையாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம். இவ்விரண்டையும் ஒரே வடிவாக்கும் முறை யுனிகோட்டிலேயே வகுக்கப்பட்டுள்ளது. நிரல் எழுதும் மாணவர்கள் விலாசம் ஆக்குமுன் அம்முறையால் தலைப்பை ஒருமைப்படுத்திக் கொள்ளல் வேண்டும். சார்குறிகளையும் எழுத்தோடு சேர்த்து ஏற்குமாறு கட்டளையைத் திருத்திக் கொள்ளல் வேண்டும்.

ஆங்கில எழுத்தில் எழுதலாமா?

இத்தனை தொல்லை எதற்கு, தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தால் எழுதிவிடலாமே என்று சிலர் கேட்பர். அவ்வாறு செய்தால் விலாசம் குறுகும். அனுப்பும்போது வேடமும் வெளிப்படாது. இந்நன்மைகளை நாம் மறுக்கவில்லை. ஆனால் கே, ஏ, எல் என்னும் மூன்றெழுத்தை எழுதினால் அது கல்லா, காலா, கள்ளா? நம் பட்டினங்களின் பெயர்களே இதற்குச் சான்று. யாழ்ப்பாணம் ஜவ்னா ஆயிற்று; திருகோணமலை திரிங்கோமலி ஆயிற்று; மட்டக்களப்பு பற்றிக்கலோ ஆயிற்று. பிறர் நாவுக்கேற்ப எழுதிய பெயர் பின்னர் தானே ஒரு பெயராகிவிடுகின்றது.

எம் கருத்து இது: தமிழ் வாசகருக்காகத் தமிழில் எழுதும் பக்கத்துக்குத் தமிழ் விலாசமே தக்கது, ஆயின் அது இரண்டு மூன்று சொற்களுக்கு மேற்படலாகாது. நாம் கையாளும் மென்பொருள் தமிழைச் சிதைப்பதாயின், சிதைந்த தமிழைக் காட்டிலும் ஒழுங்காக எழுதிய ஆங்கில எழுத்துப் பெயர் மேலானது. அவ்வாறு எழுதுவோர் ழகரத்துக்கு இன்ன எழுத்து, நெடிலுக்கு இன்ன எழுத்து என ஒரு முறையை முன்னரே வகுத்துக்கொண்டு, எல்லாப் பக்கத்துக்கும் அதனையே பின்பற்றல் வேண்டும். இன்றைக்கு ஒருவிதம், நாளைக்கு வேறொருவிதம் என்பது ஆகாது.

சில எளிய விதிகள்

தலைப்பு வேறு, விலாசம் வேறு என்பதை முதலில் மனத்திற் கொள்க. தலைப்பு வாசகரை உள்ளே அழைப்பது; விலாசம் பொருளைச் சுட்டுவது. "நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குச் செல்வோர் அறிய வேண்டியவை" என்பது தலைப்பாயின் "நல்லூர்-திருவிழா" என்பது விலாசத்துக்குப் போதும்.

ஆங்கிலத்தில் சிறு இடைச்சொற்களை நீக்குவர். தமிழில் அத்தகைய பொருள் பெரும்பாலும் சொல்லின் ஈற்றில் உருபாக ஒட்டியிருக்கும். ஆகவே நாம் உருபைக் களைந்து பெயரை எழுவாய் வடிவில் நிறுத்தல் வேண்டும். "யாழ்ப்பாணத்தில்" என்பதற்குப் பதிலாக "யாழ்ப்பாணம்" என்க. "நல்லூர்க்" என்பதிலுள்ள சந்தி எழுத்தையும் விடுக. "ஒரு", "பற்றி", "என்ற", "மற்றும்" என்பன போன்றவற்றை விலாசத்தில் விடுதல் நன்று.

சொற்களுக்கிடையே வெற்றிடம் வாராது, சிறுகோடு இடுக. அடிக்கோட்டை விடச் சிறுகோட்டையே கூகுள் நிறுவனமும் பரிந்துரைக்கின்றது. விலாசத்தின் கீழே கோடிட்டு அச்சிட்டால் அடிக்கோடு மறைந்துவிடும் என்பதும் ஒரு காரணம். ஆங்கில எழுத்தாயின் சிறிய எழுத்தையே எழுதுக. பக்கப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கொள்ளப்படலாம். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் பக்கத்தில் ஆண்டின் இலக்கத்தை இடாதிருத்தல் நலம்.

தேடுபொறியில் முதலிடம் பெறலாம் என்றெண்ணி ஒரே சொல்லைப் பலமுறை விலாசத்தில் அடுக்குவோரும் உளர். அது வீண் முயற்சி. விலாசத்திலுள்ள சொற்களால் தேடல் வரிசையிற் கிடைக்கும் பயன் மிக அற்பம் எனக் கூகுள் தன் வழிகாட்டியிலேயே கூறியுள்ளது. அவ்வழிகாட்டி வேண்டுவது, வாசகருடைய மொழியில் அவருக்கு விளங்கும் சொற்களை இடுக என்பதே. தேடிக் கிடைத்த பத்துப் பக்கங்களுள் எதனைத் திறப்பது எனத் தெரிந்தெடுப்பவர் மனிதர், இயந்திரமன்று. விலாசம் அம்மனிதருக்கு விளங்கினால் அதுவே போதிய பயன்.

இட்ட பெயரை மாற்றற்க

இறுதியாகக் கூறுவது எல்லாவற்றிலும் தலையாயது. பெர்னர்ஸ் லீ 1998ஆம் ஆண்டு எழுதிய ஒரு கட்டுரையில், நல்ல விலாசங்கள் மாறுவதில்லை என்பதனை வற்புறுத்தினார். விலாசங்கள் தாமாக மாறுவதில்லை, மாற்றுபவர் நாமே. ஒருவர் அவ்விலாசத்தைத் தம் ஆய்வேட்டில் குறித்திருப்பார். மற்றொருவர் கோயில் மலரிலோ, முப்பத்தோராம் நாள் நினைவு மலரிலோ அச்சிட்டிருப்பார். அச்சேறிய எழுத்தை யார் திருத்த வல்லார்? தலைப்பில் எழுத்துப் பிழை கண்டால் தலைப்பைத் திருத்துக. விலாசத்தை அவ்வாறே விடுக.

தவிர்க்க இயலாத காரணத்தால் மாற்ற நேரின் பழைய விலாசத்தில் வழிமாற்று ஒன்றை வைத்தல் வேண்டும். இடம் மாறிப் போனவர் தம் புதிய விலாசத்தைத் தபாற்கந்தோரில் அறிவித்து வைப்பது போன்றது இது. இணையத்தில் இதற்கு 301 என்னும் குறியீடு உண்டு. "நிரந்தரமாக இடம் மாறிற்று" என்பது அதன் பொருள். வழிமாற்று வைக்காவிடின் தேடி வருவோர் காண்பது 404 என்னும் குறியீடு. "ஈங்கு இல்லை" என்பது அதன் பொருள். 2003ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரையின் தலைப்பே விலாசமாகின்றது. அங்கே தலைப்பை மாற்றினால் பழைய தலைப்பில் வழிமாற்று ஒன்று வழக்கமாகவே நின்றுவிடும். ஒழுங்கான முறைக்கு அதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

பெற்றோரும் மாணவரும் இன்றே செய்யத்தக்க காரியம் ஒன்றுண்டு. தாம் இணையத்தில் ஏற்றிய பக்கம் ஒன்றைத் திறந்து, தலைப்பை அன்று, விலாசத்தை வாய்விட்டு வாசித்துப் பார்க்க. புள்ளி இருக்கின்றதா? கால் கொம்புகள் இருக்கின்றனவா? ஈற்றுச் சொல் முழுமையாக நிற்கின்றதா? புதிய பக்கத்தை வெளியிடுமுன் விலாசத்துக்குரிய கட்டத்தில் நாமே பெயரை எழுதுவதற்கு அரை நிமிடம் போதும். வெளியிட்ட பின் அதனைத் திருத்துவதோ பெருந்தொல்லை. நம் பிள்ளைகள் சிந்தித்து எழுதிய பொருளை நாளை ஒருவர் தேடி வருவார். அவர் கையிலிருப்பது அவ்வொரு பெயர் மாத்திரமே. அப்பெயரை அளவாகவும் முழுமையாகவும் இட்டு, இட்டபின் காத்தல் நம் கடனாகும்.